ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒளிந்துகொள்வது எப்படி

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பஜாரில், குறிப்பிட்ட ஒருத்தி கண்ணில் படாமல், காய், மளிகை, பூ மூன்றும் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப முடியுமா? முடியும் என்று ஒரு வருஷமாக மார்தட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கர்வத்தை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்கத்தான் சொல்கிறேன்.

பவுடர், சோப்பு, பேஸ்ட் என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, "எனக்குக் கீழ நீங்க சேருங்க, உங்களுக்குக் கீழ ரெண்டு பேரச் சேருங்க" என்று துரத்துகிறவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார்கள். ஜனங்கள் கதவைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டதும் கடைக்கு வந்துவிட்டார்கள். ஒரு கையில் கூடையும் ஒரு கையில் கொத்தமல்லியுமாக நிற்கிற பொம்பளை எங்கே ஓடுவாள்?

எடுத்த எடுப்பில் யாரும் பவுடர் பேச்சை எடுப்பதில்லை. "அக்கா, உங்கள எங்கியோ பாத்த மாதிரி இருக்குதே" என்பதுதான் பிள்ளையார் சுழி. வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாத்தனாரைப் பார்க்கப் போனபோது, பழக்கடையில் ஒரு பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க மொகத்துல ஒரு லீடர் தெரியுது" என்றாள்.

"லீடரும் இல்ல, கீடரும் இல்ல. ரெண்டு நாளா தூக்கம் இல்லாம மொகம் வீங்கிக் கெடக்குது. வழிய உடும்மா" என்றேன்.

அதற்கும் சிரித்துக்கொண்டே, நல்ல தூக்கம் வர ஒரு மாத்திரை இருப்பதாகச் சொன்னாள். இவர்கள் எதற்குமே கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதுதான் எனக்கு எரிச்சல். ஒருத்தி வாய்விட்டுத் திட்டினால் மரியாதைக்காவது திரும்பத் திட்ட வேண்டாமா?

ஆம்பூரிலேயே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் டை கட்டிய ஒருவன் பேஸ்ட் அடுக்கியிருக்கிற பக்கம் என்னை மடக்கினான். "அக்கா, தெனமும் வாயில வைக்கிறமே, இதுல இன்னா இன்னா கலக்கறாங்கன்னு தெரியுமா?" நான் அவன் காலைப் பார்த்தேன்.

"அத உடு தம்பி. இந்த ஷூவ எங்க வாங்கின? முன்னாடி சுருக்கம் பாரு. சோல் ஒரு பக்கம் வாயத் தொறந்துக்கினு இருக்குது. மழையில போட்டுக்கினு போவாத, மேல ஒண்ணு கீழ ஒண்ணா கழண்டுக்கும்."

அவன் குனிந்து பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று. "லெதர்னு சொல்லித்தான்கா குடுத்தான்" என்றான். பேஸ்ட் பேச்சு அதோடு போயிற்று. நல்ல ஷூ எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான். பாவம், நல்ல பிள்ளைதான்.

எங்கள் ஊர்ப் பழக்கம் அது. ஷூ கம்பெனியில் பத்து வருஷம் இருந்தவர்களுக்கு முதலில் கால்தான் கண்ணில் படும், முகமெல்லாம் அப்புறம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்க, வெளியே அவர்கள் விட்ட செருப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "மாப்பிள்ளை ஒருபக்கமா சாய்ஞ்சி நடக்கறாரு, மத்தபடி நல்ல குடும்பம்" என்று தீர்ப்புச் சொன்ன அத்தை எனக்கு உண்டு. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர் இன்னமும் ஒருபக்கமாகத்தான் சாய்ந்து நடக்கிறார்.

ஆக, முன்பின் தெரியாதவர்களைச் சமாளிக்க எனக்கு வாயே போதும். நான் ஒளிந்தது தெரிந்த ஒருத்தியிடமிருந்து. பன்னிரண்டு வருஷம் கம்பெனியில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவள், என் உயிர்த் தோழி.

நான் செக்கர். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தில் தப்பு இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. அவள் மிஷினில் தைக்கிறவள். செக்கருக்கும் தைக்கிறவளுக்கும் கீரிக்கும் பாம்புக்கும் உள்ள உறவுதான் எந்தக் கம்பெனியிலும். நாங்களும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தோம். ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கப் போனேன். காலையில் நான் அவளுக்கு ஒட்டிய அம்புகள் அத்தனையும் என் மூடியில் வரிசையாக இருந்தன. "உன் கொழம்ப தொட்டு நக்கிப் பாத்தேன், உப்பு கம்மி. ரிஜெக்ட்" என்றாள். அன்றிலிருந்து அவள் சோறு எனக்கு, என் சோறு அவளுக்கு.

நான் காலில் போட்டிருக்கிற செருப்பும் அவள் தைத்ததுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு ஆர்டருக்காக மெரூன் கலரில் லேடீஸ் செருப்பு போட்டோம். அதில் ஒரு ஜோடிக்கு இடதுகால் பட்டையில் அவள் வெள்ளை நூலை ஓட்டிவிட்டாள். நான்தான் அம்பு ஒட்டினேன். பொங்கலுக்கு முன்னால் கழித்துக் கட்டிய சரக்கையெல்லாம் எங்களுக்கே மலிவாகக் கொடுத்தார்கள். என் சைஸில் அந்த ஜோடி மட்டும்தான் மிச்சம் இருந்தது. நான் கழித்ததை நானே வாங்கி மாட்டிக்கொண்டேன். அவள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் எழுந்து வந்துவிட்டார்.

அப்பேர்ப்பட்டவள் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கம்பெனியை விட்டாள். முதுகு வலி ஒரு காரணம். கோட்டுப் போட்ட ஒரு சார் இன்னொரு காரணம். ஆம்பூர் வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு நடக்கிற ஆள் ஒன்று பெரிய பணக்காரனாக இருக்க வேண்டும், இல்லை பெரிய ஏமாளியாக இருக்க வேண்டும். அவர் எது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவருக்குக் கீழே அவள் சேர்ந்தாள். ஒரே வருஷத்தில் கார் என்றார்களாம்.

கம்பெனி பஸ்ஸில் அதன் பிறகு வேறு பேச்சே கிடையாது. ஜன்னல் சீட்டில் உட்காருகிற ஒருத்தி, அவளிடம் பவுடர் டப்பா வாங்கி ஏமாந்தவள், ஊருக்கே பாடம் எடுத்தாள். "கேவுரு மாவுல சக்கரைய கலந்து குடுக்கறாங்கடி. இன்னொண்ணு கேளு. சேந்த ஒடனே ஒரு நோட்டு குடுத்து, தெரிஞ்சவங்க நூறு பேரு எழுதச் சொல்றாங்க. அந்த நோட்டுல பேரு ஏறிட்டா அவ்ளோதான், சாவற வரைக்கும் உட மாட்டாங்க."

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த நோட்டில் முதல் பேர் யாருடையதாக இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

என் பயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளிடம் நான் எதற்கும் முடியாது என்று சொன்னதே இல்லை. கேட்டாளானால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். சரி என்று சேர்ந்துவிடுவேன், அப்புறம் நானும் பையைத் தூக்கிக்கொண்டு பழக்கடையில் யார் முகத்திலாவது லீடரைத் தேடவேண்டும். முடியாது என்றால் அவள் முகம் வாடும், பன்னிரண்டு வருஷச் சோறு அன்றோடு முடியும். கேட்காத வரைக்கும் அவள் என் தோழி. அதனால் கேட்க விடக்கூடாது. கேட்க விடாமல் இருக்க அவள் கண்ணில் படக்கூடாது. போன் வந்தால் எடுப்பதில்லை. மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை பஜார். சர்ச் முடிந்து அவள் நேராக அங்கேதான் வருவாள்.

முதல் தடவை வாழைக்காய் மண்டியில். தூரத்திலேயே அவளுடைய மஞ்சள் பையைப் பார்த்துவிட்டேன். தொங்குகிற தார்களுக்குப் பின்னால் சட்டென்று புகுந்துகொண்டேன். கடைக்காரர், "இன்னாம்மா, தாரா வேணும்?" என்றார். "பாக்கறேன் இருங்க, அவசரப்படுத்தாதீங்க" என்று அதட்டினேன். அவள் ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு எதிர்ப்பக்கம் போய்விட்டாள். ஒளிந்த வெட்கத்துக்கு ஒரு சீப்பு பச்சை நாடன் பழம் வாங்கினேன். வீட்டில் ஒரு வாரம் பழம்தான்.

இரண்டாவது தடவை ஜவுளிக்கடையில், நைட்டி மாட்டியிருக்கிற ஸ்டாண்டுக்குள். நெஞ்சளவு நைட்டிகளுக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்தில் தொங்கிய ஒரு நைட்டியை யாரோ உருவினார்கள். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். உருவியது வேறு யாரோ. அவள் கல்லாப் பக்கம் நின்று, ஒன்றும் வாங்காமல், வெளியே போய்விட்டாள்.

மூன்றாவதுதான் பெரிய கண்டம். அன்றைக்கு அவளோடு கோட்டு சாரும் வந்திருந்தார். நடைபாதையில் பெட்ஷீட்டுகளைக் கயிற்றில் தொங்கவிட்டு விற்கிற கடை. ஒரு ரோஜாப்பூ பெட்ஷீட்டுக்குப் பின்னால் நான். சார் நேராக என்னைப் பார்த்துத்தான் வந்தார். நாலடி இருக்கும். அப்போது அவள் குரல் கேட்டது. "சார், சார், அந்தப் பக்கம் வாங்க, எங்க சித்தி பொண்ணு கட அங்கதான் இருக்குது, இன்னிக்கி விட்டா புடிக்க முடியாது." அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே போனாள். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். மறுநாள் பஸ்ஸில் இதைச் சொல்லிக் காட்டினேன். ஜன்னல் சீட்டுக்காரி கைதட்டினாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை.

அப்படியே காலம் போயிருக்கும். மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வந்தது. பழைய ஷூவை அளவுக்கு எடுத்துக்கொண்டு பஜார் ஷூ கடைக்குப் போனேன். மகள் காலும் என் காலும் இப்போது ஒரே சைஸ், அதனால் ஸ்டூலில் உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன். என் செருப்பு இரண்டும் ஓரமாகக் கிடந்தன. ஒரு காலில் கறுப்பு ஷூ, இன்னொரு கால் வெறுங்கால். அந்தக் கோலத்தில் நான் இருந்தபோது பக்கத்து ஸ்டூலில் யாரோ உட்கார்ந்தார்கள். மஞ்சள் பை.

ஒற்றை ஷூவோடு எங்கே ஓடுவது?

நான் முந்திக்கொண்டேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "இதப் பாரு, எனக்குப் பவுடரும் வேணாம், சோப்பும் வேணாம். சொல்லிட்டேன்."

"உனக்கு யாருடி குடுத்தா?" என்றாள். என் மடியில் இருந்த இன்னொரு ஷூவை எடுத்தாள். வளைத்துப் பார்த்தாள், உள்ளே விரலை விட்டுத் தடவினாள். "ஓரத்து தையல் ஏறி எறங்குது பாரு. இதுக்கு நீ ஒண்ணும் ஒட்டலியா? வேற எடுக்கச் சொல்லு." கடைக்காரனை அவளே கூப்பிட்டு வேறு ஜோடி கேட்டாள். அவள் இளைத்திருந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்த தலையில் நரை தெரிந்தது. ஐந்து நிமிஷம் மகளின் படிப்பு, என் மாமியாரின் சர்க்கரை, அவள் முதுகு வலி என்று பேசினாளே தவிர அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. கேட்கப்போகிறாள், கேட்கப்போகிறாள் என்று காத்திருப்பதைவிடக் கேட்டுத் தொலைத்துவிட்டால் தேவலை. "சும்மா சுத்தி வளைக்காத. எடு உன் நோட்ட. என் பேருதான் அதுல மொத இருக்குமே, டிக் பண்ணிக்க. சேர்றேன், போ" என்று சொல்லி, அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்த நோட்டை நானே பிடுங்கிவிட்டேன்.

"ஏய், குடுடி" என்றாள். நான் திரும்பி உட்கார்ந்துகொண்டு பிரித்தேன்.

நூறு பேர் இருந்தார்கள். பஸ் டிரைவர், கேன்டீன் அம்மா, சூப்பர்வைசர், பாஸ்டரம்மா, ஜன்னல் சீட்டுக்காரி, எனக்கு ஜென்மப் பகையான பேக்கிங்காரி. என்னைக் காணோம். மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் பார்த்தேன். இல்லை. ஒரு வருஷமாக வாழைத்தாருக்குப் பின்னால் நின்றது இதற்கா? எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"இன்னாடி இது? அந்த பேக்கிங்காரி கூடப் பணக்காரி ஆவலாம், நான் மட்டும் ஆவக் கூடாதா? நான் மனுஷியாத் தெரியலியா உனக்கு?"

கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு விரலால் பக்கத்தின் உச்சியைக் காட்டினாள். நான் கவனிக்கவே இல்லை, பட்டியல் இரண்டிலிருந்துதான் ஆரம்பித்தது. ஒன்று என்கிற இடத்தில், தாள் கிழிகிற அளவுக்குப் பேனாவால் அடித்து அடித்து ஒரு கறுப்புத் திட்டு.

"எழுதுங்கன்னு சொன்ன ஒடனே மொத உன் பேருதான் வந்துச்சு. எழுதிட்டேன். அப்பறம் அடிச்சிட்டேன். நூறுல ஒண்ணு கொறையுதேன்னு சாரு திட்டுனாரு. யாரோ பக்கத்து வூட்டுக்காரி பேர கடைசில எழுதி சரி பண்ணேன்."

"ஏன்டி?"

"மத்தவங்க என்னியப் பாத்து ஓடுனா ஓடிட்டுப் போறாங்க. நீயும் ஓடுனா நான் யாரோட போய் ஒக்காந்து சாப்புடறது?"

ஆனாலும் பாருங்கள், வாய் சும்மா இருக்கவில்லை. "நான் எங்கடி ஓடுனேன்? கம்பெனில ஓவர்டைம் ஜாஸ்தி. பஜார் பக்கம் வந்தே ஒரு வருஷம் ஆச்சு" என்றேன்.

அவள் குனிந்து, ஓரமாகக் கிடந்த என் செருப்பில் இடதுகாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மெரூன் பட்டையில் ஓடுகிற வெள்ளை நூலைக் கட்டை விரலால் தடவினாள்.

"வாழத்தாருக்குக் கீழ இதுதான் நின்னுக்கினு இருந்துச்சு. நைட்டிக்குக் கீழயும் இதேதான். பெட்ஷீட்டு உனக்கு முட்டி வரைக்குந்தான்டி இருந்துச்சு. தெச்சவளுக்குத் தெரியாதா?"

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? ஊரில் ஒருத்தர் காலையும் விடாமல் பார்க்கிற நான், என் காலை மறந்துவிட்டேன். உலகத்திலேயே ஒரே ஒரு ஜோடிதான் அப்படி இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு, அதைத் தைத்தவளிடமிருந்தே ஒளிந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, நான் வெளியே வரத் தோதாகத் தானே விலகிப் போயிருக்கிறாள். கோட்டு சாரைச் சித்தி பெண் கடைக்கு இழுத்துக்கொண்டு போனது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நான் தேங்காய் உடைத்தது பிள்ளையாருக்கு.

"தப்புதான்டி" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி உடு, கடைக்காரன் பாக்கறான்" என்றாள். என் கைப்பையில் எப்போதும் கிடக்கிற அம்புச் சுருளை அவளே தேடி எடுத்தாள். ஒன்றைப் பிரித்து, என் புறங்கையில் அழுத்தி ஒட்டினாள்.

மகளுக்கு ஷூ வாங்கிக்கொண்டு இரண்டு பேருமாக வெளியே வந்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு பஜாரில் நிமிர்ந்து நடந்தேன். அந்த வேலையை விட்டுவிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மதியம் என் வீட்டில் சாப்பாடு என்று மட்டும் முடிவாயிற்று. வெங்காயம் வாங்கலாம் என்று தள்ளுவண்டிப் பக்கம் போனோம்.

அவள் பக்கத்தில் நடந்தால்தான் அது தெரிகிறது. தெரிந்த முகங்கள் எதிரே வந்து, எங்களைப் பார்த்ததும் ஏதோ மறந்துபோன மாதிரி திரும்பிக்கொண்டன. பூக்காரி குனிந்து பூவை எண்ண ஆரம்பித்தாள். எதிர்ப்பக்க ஜவுளிக்கடை வாசலில், சுடிதார் மாட்டிய பொம்மைக்குப் பின்னால் ஒருத்தி விருட்டென்று ஒதுங்கினாள். முகம் தெரியவில்லை. பொம்மைக்குக் கீழே ஒரு ஜோடி நீலப் பட்டைச் செருப்பு மட்டும் தெரிந்தது. எங்கள் லைனில் தைத்த சரக்கு. பஸ்ஸில் தினமும் பார்க்கிற கால். ஜன்னல் சீட்டுக்காரி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போய் அந்தப் பொம்மையைத் தள்ளி நான்கு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"இந்தப் பக்கம் திரும்பி நில்லுடி. அவ போவட்டும்."

நாங்கள் இரண்டு பேரும் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெகு நேரம் வெங்காயம் பொறுக்கினோம்.